தோல்விக்கு மறுநாள்

2012 நவம்பர் 6, இரவு பதினொன்றேகால் மணி வாக்கில் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி ஒஹையோ மாநிலம் ஒபாமாவுக்கே என்று அறிவித்தது. ஒஹையோ போனால் மிட் ராம்னிக்கு வேறு வழியில்லை. ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் இரண்டு வெற்றிகளுக்கும் வியூகம் வகுத்த கார்ல் ரோவ் அன்று அதே அரங்கில் விமர்சகராக உட்கார்ந்திருந்தார். அவர் அந்த அறிவிப்பை ஏற்கவில்லை. எண்ண வேண்டிய வாக்குகள் இன்னும் இருக்கின்றன, அவசரப்படுகிறீர்கள் என்று நேரலையிலேயே தான் பேசிக்கொண்டிருந்த நிறுவனத்தோடு வாதாடினார். கடைசியில் நெறியாளர் மேகின் கெல்லி எழுந்தார். கேமரா பின்தொடர, நீண்ட நடைவழியைத் தாண்டி, கணக்கர்கள் இருந்த அறைக்கே போய்க் கேட்டார். அங்கே பொறுப்பில் இருந்த ஆர்னன் மிஷ்கின், எங்கள் கணக்கில் மாற்றமில்லை என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. தேர்வாளர் வாக்குகளில் ஒபாமா 332, ராம்னி 206.

அதற்கு முந்தைய வாரத்து வலதுசாரிப் பத்திகளை வாசித்தவர்களுக்கு ரோவின் பிடிவாதம் வியப்பளித்திருக்காது. ஜார்ஜ் வில் ராம்னிக்கு 321 தேர்வாளர் வாக்குகள் என்று எழுதியிருந்தார். டிக் மாரிஸ் 325 என்றார். மைக்கேல் பரோன் 315 என்று சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1972 முதல் வெளிவரும் அமெரிக்க அரசியல் பெருங்கையேட்டைத் தொடக்கத்திலிருந்தே உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். எந்தத் தொகுதியில் எந்தச் சமூகம் எப்போது குடியேறியது, எப்படி வாக்களித்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர் சறுக்கியதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. தன் பக்கத்து ஆட்களோடு மட்டுமே நெடுநாள் பேசிக்கொண்டிருந்தால் கற்றவர் கண்ணையும் மறைக்கும் ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது.

அமெரிக்க வலதுசாரி அரசியல் விமர்சனத்துக்கு இப்போது எழுபது வயது. அதன் வரலாற்றைப் பலர் பல கோணங்களில் எழுதியிருக்கிறார்கள்: கொள்கையின் வரலாறாக, பணத்தின் வரலாறாக, இனவெறியின் வரலாறாக. நான் அதை ஒரே ஒரு கேள்வியோடு அணுக விரும்புகிறேன். தன் கட்சி தோற்றதற்கு மறுநாள் காலையில் இவர்கள் என்ன எழுதினார்கள்? வெற்றியைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். தோல்விக்குப் பிறகுதான் விமர்சகர் வாசகருக்கு உழைக்கிறாரா, வாசகரின் ஆசைக்கு உழைக்கிறாரா என்பது வெளிப்படும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் 'பழமைவாதி' என்று எழுதும்போது சாதியும் சடங்கும் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் அந்தப் பெயருக்குள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டாத மூன்று கூட்டத்தார் இருந்தார்கள். அரசு சந்தையில் தலையிடக் கூடாது என்றவர்கள் ஒரு பக்கம். சமயமும் குடும்பமும் சமூகத்தின் அடித்தளம் என்றவர்கள் இன்னொரு பக்கம். கம்யூனிச எதிர்ப்பே தலையாயது என்றவர்கள் மூன்றாவது. 1955 நவம்பரில் வில்லியம் பக்லி தொடங்கிய 'நேஷனல் ரிவ்யூ' இதழின் முதற்பணி இவர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பதாக இருந்தது. அதற்குத் தத்துவப் பின்புலம் எழுதித் தந்தவர் ஃப்ராங்க் மேயர். 1953இல் 'தி கன்சர்வேடிவ் மைண்ட்' நூல் வழியாக இந்த மரபுக்கு ஒரு முன்னோர் பட்டியலே தயாரித்துக் கொடுத்திருந்த ரஸ்ஸல் கிர்க்கும் அதில் எழுதினார்.

பக்லியின் இதழ் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைச் செய்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1957 ஆகஸ்டில் வெளியான தலையங்கம் ஒன்று, தென் மாநிலங்களில் வெள்ளையர் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருக்கும் இடங்களிலும் அவர்களே ஆள்வது நியாயம் என்று வாதிட்டது. வாக்குரிமைக்காகக் கறுப்பின மக்கள் அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், நல்ல ஆங்கிலத்தில், நிதானமான குரலில் எழுதப்பட்ட அநீதி அது. தான் தவறிவிட்டதாகவும் கூட்டாட்சி அரசின் தலையீடு தேவையாகவே இருந்தது என்றும் பக்லி ஒப்புக்கொண்டது 2004இல்தான். அதே பக்லி 1962இல் ஜான் பர்ச் சொசைட்டியின் தலைவர் ராபர்ட் வெல்ச்சுக்கு எதிராகத் தன் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதிபர் ஐசன்ஹோவரே கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று நம்பியவர் வெல்ச். அந்தக் கட்டுரையால் சந்தாதாரர்களையும் நன்கொடையாளர்களையும் இதழ் இழக்க நேர்ந்தது. தன் வீட்டு வாசலில் நின்று, யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்று சொல்லும் துணிவு அன்றைய விமர்சகருக்கு இருந்தது. ஆனால் 1957இன் தவறுக்கு அந்த வாசலில் தடை இருக்கவில்லை.

1964 வந்தது. 'தி கான்ஷன்ஸ் ஆஃப் எ கன்சர்வேடிவ்' என்ற சிறு நூலின் வழியாக நாடறிந்தவர் பேரி கோல்ட்வாட்டர். அந்த நூலை உண்மையில் எழுதியவர் பக்லியின் மைத்துனர் ப்ரெண்ட் போஸல். நியூயார்க்கின் செல்வந்தர்களே குடியரசுக் கட்சி வேட்பாளர்களைத் தீர்மானிக்கிறார்கள் என்று சாடிய ஃபிலிஸ் ஷ்லாஃப்லியின் 'எ சாய்ஸ் நாட் அன் எக்கோ' லட்சக்கணக்கில் விற்றது. அவரே அச்சிட்டு அவரே விற்ற நூல் அது. கோல்ட்வாட்டர் அக்கட்சியின் அதிபர் வேட்பாளரானார், படுதோல்வி அடைந்தார். லிண்டன் ஜான்சனுக்கு 44 மாநிலங்கள். கோல்ட்வாட்டருக்குச் சொந்த மாநிலமான அரிசோனாவோடு ஆழ்தெற்கின் 5 மாநிலங்கள். இந்த இயக்கம் அத்தோடு முடிந்தது என்றுதான் பெரும்பாலான பத்திரிகைகள் எழுதின. வலதுசாரி எழுத்தாளர்கள் வேறொரு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்: 2 கோடியே 70 லட்சம் வாக்குகள். இது அடித்தளம், மேலே கட்டலாம் என்றார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் கெவின் ஃபிலிப்ஸ். நிக்ஸனின் 1968 பிரசாரத்தில் வேலை பார்த்த இளைஞர். அந்தத் தேர்தலில் நிக்ஸனுக்கு 43 சதவீதம், இனப் பிரிவினையை உயர்த்திப் பிடித்த ஜார்ஜ் வாலஸுக்கு 13.5 சதவீதம். கூட்டினால் கிட்டத்தட்ட 57. அடுத்த ஆண்டு வந்த 'தி எமர்ஜிங் ரிபப்ளிகன் மெஜாரிட்டி' நூலில் ஃபிலிப்ஸ் இந்தக் கூட்டலைத்தான் மாவட்டம் மாவட்டமாகப் போட்டுக் காட்டினார். வெயில் மிகுந்த தெற்கும் தென்மேற்கும் இனிக் குடியரசுக் கட்சிக்கு என்றார். தேர்தல் விமர்சனமாக அது அசாதாரணமான நூல்; வாக்காளரை அவர் விரும்பும் வடிவில் அல்லாமல் இருக்கும் வடிவில் பார்த்தது. அறத்தின் பார்வையில் அதே காரணத்துக்காக அது சங்கடம் தரும் நூல்: கறுப்பின மக்களின் உரிமைமீது வெள்ளையருக்கு இருந்த கோபத்தை வானிலைக் குறிப்புபோலக் கணக்கில் எடுத்துக்கொண்டு கடந்துவிட்டது. ஃபிலிப்ஸ் பிற்காலத்தில் குடியரசுக் கட்சியின் கடும் விமர்சகரானார்.

ரேகன் காலத்தை விரைவாகக் கடக்கிறேன். வென்ற காலத்தின் எழுத்தில் கற்பதற்குக் குறைவு. 1980இல் 44 மாநிலங்கள், 1984இல் 49. அக்காலத்தின் ஒரு நிகழ்ச்சியை மட்டும் விட்டுவிட மனமில்லை. 1980 விவாதத்துக்கு ரேகனைத் தயார்செய்ய ஜார்ஜ் வில் உதவினார். விவாதம் முடிந்ததும் தொலைக்காட்சியில் தோன்றி ரேகன் சிறப்பாகப் பேசினார் என்று மெச்சினார். விமர்சகர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரிந்தால் வாசகர் தன்னைக் காத்துக்கொள்வார். ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறார் என்பதை மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. வில்லின் பெயருக்கு நேர்மையான கணக்கும் ஒன்று உண்டு: தன் வாசகர்களில் பெரும்பாலோர் ட்ரம்ப் பக்கம் போன 2016இல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார்.

இந்த விமர்சனத்தின் குணத்தை மாற்றியது கொள்கையைவிட ஊடகம்தான். பொதுப் பிரச்சினைகளில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்று 1949 முதல் இருந்த நியாய விதியை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1987இல் கைவிட்டது. இசைக்கு மக்கள் எஃப்.எம். பக்கம் போய்விட்டதால் ஏ.எம். அலைவரிசை நிலையங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தன. 1988 ஆகஸ்டு 1 அன்று ரஷ் லிம்பா நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கினார். நாளுக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். லாரி ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், வயலில் டிராக்டரில் இருப்பவர் ஆகியோரின் காதுக்குள் ஒரு மனிதர் அன்றாடம் பேசினார். பெரிய நகரங்களின் நாளிதழ்கள் தங்களைப் பொருட்படுத்தவில்லை என்ற அவர்களின் மனக்குறை பொய்யல்ல. அதை லிம்பா முதலில் கேட்டார், பிறகு வளர்த்தார், பிறகு அதிலேயே வாழ்ந்தார்.

1994இல் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களைக் கூடுதலாகப் பெற்று, 40 ஆண்டுகளுக்குப் பிறகு பெரும்பான்மை அடைந்தது. புதிய உறுப்பினர்கள் லிம்பாவைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக்கினார்கள். பக்லிக்குச் சந்தாதாரர் போனால் இதழ் மெலியும், இதழின் மதிப்பு நிற்கும். வானொலிக்காரருக்கு நேயர் போனால் மறுநாளே விளம்பரம் போகும். இந்த வேறுபாட்டின் விலையை லிம்பாவே ஒருநாள் சொன்னார். 2006இல் கட்சி இரு அவைகளையும் இழந்ததற்கு மறுநாள், தனக்கு விடுதலை கிடைத்ததுபோல இருக்கிறது என்றார். தகுதியில்லாதவர்களுக்காக இனிச் சுமை தூக்க வேண்டியதில்லை என்றார். அப்படியென்றால் தேர்தல் வரை தகுதியில்லை என்று தெரிந்தே தூக்கியிருக்கிறார். நம்பிக் கேட்ட லட்சக்கணக்கானோருக்கு அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

இடையில் ஒரு தோல்வி சரியாக வாசிக்கப்படாமலே போனது. 1992இல், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் பேட் புகேனன், பதவியிலிருந்த அதிபர் மூத்த புஷ்ஷை எதிர்த்து நியூ ஹாம்ப்ஷயரில் 37 சதவீதம் வாக்கு வாங்கினார். நிக்ஸனுக்கு உரை எழுதியவர், பத்தி எழுத்தாளர். தடையற்ற வணிகம் வேண்டாம், குடியேற்றத்தைக் குறை, அயல்நாட்டுப் போர்களில் மூக்கை நுழைக்காதே என்பவை அவரது முழக்கங்கள். யூதர்களைப் பற்றிய அவர் எழுத்துக்காகப் பக்லியே அவரைக் கண்டித்தார், கண்டித்தது சரியே. ஆனால் அந்த 37 சதவீதத்தினர் யார், அவர்கள் ஊரில் எந்த ஆலை மூடப்பட்டது என்ற கேள்வி புகேனனோடு சேர்த்து ஒதுக்கப்பட்டது. 2003இல் இராக் போரை எதிர்த்த வலதுசாரிகளை நாட்டுப்பற்றில்லாதவர்கள் என்று டேவிட் ஃப்ரம் 'நேஷனல் ரிவ்யூ'வில் எழுதியபோது வாசல் இன்னொரு முறை சாத்தப்பட்டது. பேரழிவு ஆயுதங்கள் இல்லாத இராக்கிலிருந்து சவப்பெட்டிகள் எந்த ஊர்களுக்கு வந்தனவோ, அந்த ஊர்கள் அதை மறக்கவில்லை.

ராம்னியின் தோல்விக்குத் திரும்புவோம். அதன் மறுநாள் எழுத்துதான் எல்லாவற்றிலும் செறிவானது. 2013 மார்ச்சில் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு தன் தோல்வியைத் தானே அறுத்துப் பார்த்த அறிக்கையை வெளியிட்டது. குடியேற்றச் சீர்திருத்தத்தை ஏற்காவிட்டால் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் நம் பக்கம் திரும்பவே மாட்டார்கள் என்றது. தேர்தல் ஆய்வாளர் ஷான் ட்ரெண்டே வேறொன்றைக் கவனித்தார். வாக்குச்சாவடிக்கே வராமல் போன வெள்ளையர்கள் பல லட்சம் பேர். அவர்கள் பெரும்பாலும் வடக்கின் சிற்றூர்களில் வாழும் உழைப்பாளிகள். முதலாளி முகம் கொண்ட ராம்னி அவர்களை ஈர்க்கவில்லை. இதற்கு நெருங்கிய வாதத்தை ராஸ் டவுதட்டும் ரெய்ஹான் சலாமும் 2008இலேயே 'கிராண்ட் நியூ பார்ட்டி' நூலில் வைத்திருந்தார்கள்: பட்டம் பெறாத உழைப்பாளிதான் இனி இந்தக் கட்சியின் வாக்காளர், அவருக்கு வரிக்குறைப்பைவிட வேறு ஏதாவது கொடுங்கள் என்று. கட்சித் தலைமை அறிக்கையைக் கொண்டாடியது, ட்ரெண்டேயை விவாதித்தது, டவுதட்டைப் பாராட்டிவிட்டு அலமாரியில் வைத்தது.

2016 ஜனவரியில் 'நேஷனல் ரிவ்யூ' ட்ரம்புக்கு எதிராகத் தனி இதழே வெளியிட்டது. 22 பேர் எழுதினார்கள். பர்ச் சொசைட்டியை நிறுத்திய அதே வாசல்தான். இம்முறை ஆள் சுவரைத் தாண்டி வந்துவிட்டார். வாக்காளர்கள் அந்த இதழைப் படிக்கவில்லை. படித்தவர்களிலும் பலருக்கு, இராக் போரை ஆதரித்தவர்கள் நமக்குப் புத்தி சொல்வதா என்ற கேள்வி இருந்தது. செப்டம்பரில் மைக்கேல் ஆன்டன் புனைபெயரில் எழுதிய கட்டுரை அந்தக் கேள்விக்கு வடிவம் கொடுத்தது: இந்தத் தேர்தல் கடத்தப்பட்ட விமானம், விமானி அறைக்குள் பாய்ந்தாலும் சாகலாம், பாயாவிட்டால் சாவு நிச்சயம். நாலாண்டுக்கொரு முறை வரும் தேர்தலைச் சாவா வாழ்வா என்று எழுதத் தொடங்கிவிட்டால், தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு அந்த மொழியில் இடமே இல்லாமல் போகிறது. நாலாண்டு கழித்து அதுதான் நடந்தது.

2020 நவம்பர் 3 இரவு 11.20க்கு ஃபாக்ஸ் நியூஸ் அரிசோனாவை பைடனுக்கு அறிவித்தது. கணக்கர் அறையின் பொறுப்பாளர் அதே ஆர்னன் மிஷ்கின். வித்தியாசம் 10,457 வாக்குகள்தான் என்றாலும் அறிவிப்பு தவறவில்லை. இம்முறை நடைவழியில் யாரும் போய்க் கேட்கவில்லை. பார்வையாளர்கள் சேனலை மாற்றினார்கள். அவர்களைப் போட்டிச் சேனலான நியூஸ்மேக்ஸிடம் இழந்துவிடுவோமோ என்ற பதற்றத்தில், வாக்கு எந்திரங்களில் மோசடி என்ற கதை ஒளிபரப்பாகியது. அதைச் சொன்னவர்களைப் பற்றித் தொகுப்பாளர்கள் தங்களுக்குள் என்ன நினைத்தார்கள் என்பது அந்த எந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனத்தின் வழக்கில் வெளிவந்த குறுஞ்செய்திகளில் இருக்கிறது: நம்பவில்லை. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அரிசோனா அறிவிப்பைப் பகிரங்கமாகத் தாங்கிப் பேசிய அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டயர்வால்ட் 2021 ஜனவரியிலேயே வேலையை இழந்திருந்தார்.

இந்தப் பொய் எதிர்க்கட்சிக்குச் செய்த கெடுதலைப் பலர் எழுதிவிட்டார்கள். சொந்தக் கட்சிக்கு அது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 5 அன்று ஜார்ஜியாவில் 2 செனட் இடங்களுக்கு மறுசுற்றுத் தேர்தல். எண்ணிக்கையே மோசடி என்று இரண்டு மாதம் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். குடியரசுக் கட்சியின் கோட்டைகளில் வாக்குப்பதிவு சரிந்தது. இரண்டு இடமும் போயின. செனட் 50-50 ஆனது. முடிவு செய்யும் வாக்கு, சென்னைப் பெண் சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸிடம் போய்ச் சேர்ந்தது.

2022 ஜூலையில் 8 பேர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முன்னாள் செனட்டர் ஜான் டான்ஃபோர்த், முன்னாள் நீதிபதி மைக்கேல் லுட்டிக், 2000 ஃப்ளோரிடா வழக்கில் புஷ்ஷுக்காக வாதாடிய டெட் ஓல்சன் போன்றவர்கள். அனைவரும் வாழ்நாள் பழமைவாதிகள். 64 வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தேர்தல் திருடப்படவில்லை, நாம் தோற்றோம் என்று எழுதினார்கள். பக்லியின் 1962 கட்டுரைக்குப் பிறகு இந்த மரபு தந்த மிக நேர்மையான ஆவணம் இதுவே என்பது என் துணிபு. அதைப் படித்தவர்கள் மிகச் சிலர். படிக்க வேண்டியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வானொலியும் தொலைக்காட்சியும் அக்கறை காட்டவில்லை.

தேர்தல் விதிகளைப் பற்றிய சண்டையையும் இங்கே தொட்டாக வேண்டும். நம் தேர்தல் ஆணையம் போல முழு நாட்டுக்கும் தேர்தல் நடத்தும் அமைப்பு அங்கே கிடையாது. மாநிலத்துக்கொரு சட்டம், மாவட்டத்துக்கொரு அலுவலகம். பல மாநிலங்களில் தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரியே கட்சிச் சின்னத்தில் வென்று வந்தவர். அடையாள அட்டை கேட்பது நியாயம்தானே என்று வலதுசாரிகள் கேட்கும்போது, வாக்காளர் அட்டையோடு வரிசையில் நின்று பழகிய நமக்கு அதில் என்ன தகராறு என்றே தோன்றும். நம்மிடம் அட்டையை அரசே வீடுதேடித் தருகிறது. அங்கே ஏழைகள் அதற்காக அலைய வேண்டியிருக்கிறது என்பதே மறுதரப்பின் கவலை. என்ரிகோ கன்டோனி, வென்சான் பான்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2008 முதல் 2018 வரையிலான வாக்காளர் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இரு தரப்புக்குமே உவப்பானதல்ல: அட்டைச் சட்டங்களால் வாக்குப்பதிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, மோசடியும் குறைந்ததாகத் தெரியவில்லை. குறைவான வாக்குப்பதிவே குடியரசுக் கட்சிக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையும் 2024இல் உடைந்தது. ஏராளமானோர் வாக்களித்த அந்தத் தேர்தலில் ட்ரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளோடு, மக்கள் வாக்கிலும் முந்தினார். அக்கட்சிக்கு அது 2004க்குப் பிறகு முதன்முறை.

அதே தேர்தலில் டெக்சஸின் எல்லையோர ஸ்டார் மாவட்டம், ஏறத்தாழ முழுவதும் மெக்சிக்க வம்சாவளியினர் வாழும் இடம், 1892க்குப் பிறகு முதன்முறையாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. 2013 அறிக்கை விரும்பிய வாக்காளர்கள்தான் வந்தார்கள். அது சொன்ன வழியில் வரவில்லை. பேட்ரிக் ரஃபினி 2023இல் 'பார்ட்டி ஆஃப் த பீப்பிள்' நூலில் இதை முன்கூட்டியே எழுதியிருந்தார்: பல இனத்து உழைப்பாளிகள் இன அடையாளத்தைவிடச் சம்பளத்தையும் விலைவாசியையும் பார்த்து வாக்களிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று. வென்ற பிறகு இதைக் கொண்டாடிய விமர்சகர்களில் பலர் ஒன்றை விட்டுவிட்டார்கள். விலைவாசிக்காக வந்தவர் விலைவாசிக்காகவே போகவும் கூடும்.

2025 நவம்பர் 4 அன்று வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் ஆளுநர் தேர்தல்களில் குடியரசுக் கட்சி தோற்றது. 2024இல் ட்ரம்ப் வென்றிருந்த, லத்தீன் மக்கள் மிகுந்த பசாயிக் மாவட்டம் திரும்பிப் போய்விட்டது. வாக்குப்பதிவில் சதி, வேட்பாளர் சரியில்லை, ட்ரம்ப் பெயர் சீட்டில் இல்லை என்று வழக்கமான காரணங்கள் வரத் தொடங்கின. அந்த நேரத்தில் விவேக் ராமசாமி காணொளி ஒன்றை வெளியிட்டார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, சின்சினாட்டியில் பிறந்தவர், 'வோக், இங்க்.' நூலின் ஆசிரியர். அவர் கருத்துகளில் எனக்கு உடன்பாடு இல்லாதவை பல. அன்று அவர் சுற்றி வளைக்கவில்லை. நன்றாக அடி வாங்கினோம் என்றார். மக்களுக்கு விலைவாசி தாங்கவில்லை, அதைக் குறைக்கும் வேலையைப் பாருங்கள், அடையாள அரசியலை விட்டொழியுங்கள் என்று தன் கட்சிக்காரர்களிடமே சொன்னார். அப்போது அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த மாநிலம் ஒஹையோ.